தலைவரம்மாவுக்குக் காவல்

ராஜா தானாகவே அரியணையை விட்டு இறங்கி, இனி உங்கள் தலைவரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு நாடு இருந்தது. அவர் போய் அதிக காலம் ஆகவில்லை. ஜனங்கள் இரண்டு முறை ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு முறையும் ஏமாந்திருந்தார்கள்.

அந்த நாட்டில் தாழங்கரை என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரி மேட்டில் இருந்தது, ஊர் பள்ளத்தில் இருந்தது. நடுவில் ஒரு மண்கரை. அந்தக் கரையைத்தான் ஊர் நம்பியிருந்தது. வேறு யாரையும் நம்பவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. முதல் தலைவர், கரைக்கென்று வந்த கருங்கல்லில் தன் வீட்டுக்கு மதில் கட்டிக்கொண்டார். இரண்டாமவர் கரையில் பந்தல் போட்டு, கழுத்து நிறைய மாலையோடு ஒரு கூடை மண்ணைத் தூக்கிப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அந்தக் கூடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

ஏரிக்கு அக்கரையில், குன்றின் மேல், பரஞ்சோதி என்ற குருவின் மடம் இருந்தது. அங்கே பல வருடம் சீடராக இருந்தவள் தையல்நாயகி. தாழங்கரையில் பிறந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். குருவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

ஒருநாள் அவள் குருவிடம் வந்து நின்றாள்.

"ஊருக்கு ஏதாவது செய்யணும்னு மனசு சொல்லுது. தேர்தல்ல நிக்கட்டுமா?"

குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சா என்ன செய்வே?"

"ஏரிக்கரையைச் சரி பண்ணுவேன்."

"தோத்தா?"

அவள் யோசித்தாள். "இங்கேயே திரும்பி வந்து, பழையபடி சமையலைப் பார்த்துக்குவேன்."

"அப்படின்னா நீ ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்கறேன்" என்றார் குரு. "உன் ரசம் ரொம்பப் புளிக்குது."

அவள் ஜெயித்தாள். நின்ற மூன்று பேரில் ஊருக்குக் குறைவாகத் தெரிந்தவள் அவள்தான் என்பதால் ஜெயித்தாள் என்று மரகதவல்லி சொன்னாள். மரகதவல்லி சந்தை முக்கில் டீக்கடை வைத்திருந்தவள். அவள் காலையில் சொன்னதை ஊர் மாலையில் சொல்லும்.

தையல்நாயகி முதல் வேலையாகக் கரையைப் போய்ப் பார்த்தாள். மதகுக்குப் பக்கத்தில் கரை உட்கார்ந்திருந்தது. வெளிப்பக்கம் மண் ஈரமாக இருந்தது. கையை வைத்தால் விரல் உள்ளே போயிற்று. மழைக்காலம் வாசலில் நின்றது.

ஊரில் தண்டோரா போடச் சொன்னாள். வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், மண்ணும் கல்லும் தயாராக இருக்கிறது, எல்லாருமாகச் சேர்ந்தால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

மறுநாள் விடிந்ததும் கரையில் போய் நின்றாள். ஒரு நாய் வந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

அவள் வீடு வீடாகப் போனாள். அரண்மனைக் காவல்காரராக இருந்து ஓய்வுபெற்ற உலகநாதன் வீட்டு வாசலில் நின்று, "ஐயா, கரை உடைஞ்சா முதல்ல உங்க தெருவுக்குத்தான் தண்ணி வரும். என்னை நம்பி வாங்க" என்றாள்.

"இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றார் உலகநாதன். "முன்னாடி ரெண்டு பேரும் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. இதே வாசல்ல நின்னு."

"நான் அவங்க மாதிரி இல்லைய்யா."

"அதையும் சொன்னாங்க."

அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனால், நடிக்கிறாள் என்றார்கள். கலர்ச் சேலை கட்டிக்கொண்டு போனால், அதுக்குள்ள பணம் வந்துடுச்சு பார் என்றார்கள். கோயிலில் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். திருடாதவள் எதற்குச் சத்தியம் செய்யவேண்டும் என்று மரகதவல்லி கேட்டாள். மாலைக்குள் ஊரே அதைக் கேட்டது.

தையல்நாயகி குன்றேறி மடத்துக்குப் போனாள். குருவின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒரு குண்டுமணி அளவுகூடத் தப்பு செய்யல. ஏன் ஒரு ஊரே என்னைத் திருடின்னு சொல்லுது?"

"உன் முதுகுக்குப் பின்னாலயா, முகத்துக்கு நேராவா?"

"நேராவேதான்! வாசல்ல நிக்க வெச்சுச் சொல்றாங்க."

"ராஜாவை யாராவது அப்படிச் சொன்னதுண்டா?"

"சொன்னவனுக்கு நாக்கு இருந்திருக்குமா?"

"ம்" என்றார் குரு.

அவள் காத்திருந்தாள். அவர் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"டீ குடிக்கணும் போல இருக்கு. உங்க ஊர்ல நல்லா போடுவாங்களாமே."

இருவரும் மரகதவல்லியின் கடைக்கு வந்தபோது பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். உலகநாதனும் இருந்தார். தலைவரோடு வந்த சாமியாரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. குருவுக்கு ஒருவர் இடம் விட்டார். அவர் உட்கார்ந்து, டீயை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"உங்க தலைவர் திருடின்னு சொல்றாங்களே, நிஜமா?"

மரகதவல்லி டீயை ஆற்றுவதை நிறுத்தினாள்.

"தயங்காதீங்க. இவ என்கிட்டதான் பல வருஷம் இருந்தா. எனக்கும் இவளை நம்பறதா வேண்டாமான்னு தெரியல."

தையல்நாயகியின் முகம் சுருங்கிப் போயிற்று. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். உலகநாதன் மட்டும் உற்சாகமாக முன்னால் சாய்ந்தார்.

"சாமியே சொல்றாரு பாருங்க! நான் சொன்னப்ப கேட்டீங்களா?"

"அதான் எனக்குக் கவலை" என்றார் குரு. "நாளைக்குக் காலையில இவ கரைக்குப் போறா. கல்லு, மண்ணு, மூங்கில், கூடை எல்லாம் அங்கே கிடக்கு. பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. இவ எதை வேணாலும் செய்யலாம். நீங்க எல்லாரும் இங்கே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தா, அவ திருடறதை யார் பார்க்கறது?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமால்ல" என்றார் ஒருவர்.

"போன தடவையும் நாம யாரும் போய்ப் பார்க்கல" என்றாள் மரகதவல்லி மெதுவாக.

குரு டீயைக் குடித்து முடித்தார். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஆனா நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தெருவுக்கு வந்ததும் தையல்நாயகி அவர் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் நீர் நின்றது.

"நீங்களுமா?"

"நான் உன்னை நம்பினா கரை ஒரு சாண் உயருமா?"

"அதுக்காக ஊர் முன்னாடியா அப்படிச் சொல்லணும்? எனக்கு இருந்ததே உங்க ஒருத்தரோட நம்பிக்கைதான்."

"அதை வெச்சுக்கிட்டு என்ன செஞ்சே?"

அவள் திரும்பி நடந்தாள். கோபத்தில் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை. குரு மரகதவல்லியின் கடையில் இரண்டு பன் வாங்கித் தின்றுவிட்டு, ஊர் மன்றக் கட்டடத்தின் ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் காலையில் தையல்நாயகி தனியாகக் கரைக்குப் போனாள். மண்வெட்டியை எடுத்தாள். கூடையில் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். உலகநாதன் பழைய காவல்கார இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் வந்தது. அவர்கள் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள். மரகதவல்லி கடையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அடுப்பும் பாய்லருமாக. ஆட்கள் இல்லாத சந்தையில் யாருக்கு டீ போடுவது?

அவர்கள் கரையோரப் புங்கமர நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா" என்றார் உலகநாதன். "நாங்க பார்க்கத்தான் வந்தோம்."

தையல்நாயகி கூடையைத் தூக்கினாள். ஊரே பார்த்தது. கரையில் ஏறினாள். ஊரே பார்த்தது. மண்ணைக் கொட்டினாள், மூச்சு வாங்கினாள், இறங்கினாள். அவள் இடுப்பில் கையை வைத்து நின்றபோது எதையோ ஒளிக்கிறாளா என்று இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். முதுகுவலி என்று தெரிந்து திரும்பிப் போனார்கள்.

திருடாத ஒருத்தியைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அலுப்பான வேலை. வெயில் ஏற ஏறப் பார்வையாளர்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"தூக்கற லட்சணத்தைப் பாரு" என்றார் ஒருவர். "பாதி மண்ணு வழியிலேயே போகுது."

"இப்படிப் போட்டா அடுத்த தேர்தல் வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

இன்னொருவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினார். "தள்ளுங்கம்மா. பார்க்கவே சகிக்கல."

அவர் நாலு கூடை போட்டார். அவர் மனைவி, "நீங்க எதுக்கு மாங்கு மாங்குன்னு தனியாச் சாகறீங்க?" என்று சொல்லிக்கொண்டே போய்க் கூடையை வாங்கிக் கைமாற்றினாள். அப்புறம் ஒருவர். அப்புறம் நாலைந்து பேர். உச்சிவெயிலுக்குள் மரத்தடியில் உலகநாதன் மட்டும்தான் இருந்தார். காவலுக்கு ஓர் ஆளாவது வேண்டும் என்று அவர் சொன்னார்.

குரு மதகின் மேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் கூட்டம் இன்னும் கூடியது. கிடந்த கல் போதாததால் சொல்லியிருந்த கல்வண்டிகளில் இரண்டு காலையில் வந்தன. தையல்நாயகி மேலாகப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னாள். வண்டிகளைச் சாய்த்து, கரை உட்கார்ந்திருந்த இடத்தில் கல்லை அப்படியே சரித்து, அவசரமாக மண் போட்டு மூடினார்கள். மத்தியானம் மூன்றாவது வண்டி வந்தது.

டீத் தூக்கோடு வண்டியைக் கடந்து போன மரகதவல்லி, வண்டிக்கடியில் சிவப்புப் பொடி உதிர்வதைக் கண்டு நின்றாள். ஒரு குச்சியை எடுத்து வண்டிக்குள் செருகிக் குடைந்தாள்.

"கருங்கல்லு எங்கேயாவது பொடியுமா?"

சேலையைச் சொருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். மேலே கிடந்த கற்களைப் புரட்டித் தள்ளினாள். அடியில் முழுக்க உடைந்த செங்கல்.

கரை முழுவதும் ஒரே கூச்சல்.

"நான் சொல்லல?" என்று உலகநாதன் மரத்தடியிலிருந்து பாய்ந்து வந்தார். "அப்பவே சொன்னேனா இல்லையா? கருங்கல்லு உங்க வீட்டுக்கு, செங்கல்லு எங்க கரைக்கா?"

கூடைகளைக் கீழே எறிந்தார்கள். ஒருவர் வண்டிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்து ஊர்க் கல் குத்தகைக்காரர் ஏற்றிவிட்டார், நான் ஓட்டிவந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தையல்நாயகியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னை நம்புங்க" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அவள் மதகைப் பார்த்தாள். குரு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"காலையில வந்த ரெண்டு வண்டியையும் நான்தான் பார்த்து வாங்கினேன்" என்றாள். "மேலே மட்டும்தான் பார்த்தேன். இறக்கின அவசரத்துல யாரும் கவனிக்கல. அதுலயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

கூச்சல் நின்றது. காலை வண்டிகளைப் பற்றி யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

"அது இப்போ கரைக்குள்ள இருக்கு. மூடியாச்சு" என்றாள் அவள். "தோண்டி எடுக்கணும். இன்னிக்குச் செஞ்சது மொத்தமும் போச்சு."

"மழை வருதே" என்றது ஒரு குரல்.

"வருது."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஏறினாள். தான் மூடிய இடத்தைத் தானே வெட்ட ஆரம்பித்தாள். மேலாகக் கிடந்த கருங்கல்லைப் புரட்டினாள். அடியில் செங்கல் சிவப்பாக இருந்தது. ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி கீழே போட்டாள்.

உலகநாதன் அதைக் குனிந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் இடுப்புவாரை அவிழ்த்து மரக்கிளையில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

"நகருங்க. அந்தப் பக்கத்துல நான் வெட்டறேன்."

பொழுது சாய்வதற்குள் செங்கல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அத்தனையையும் வண்டியிலேயே திருப்பி ஏற்றி அனுப்பினார்கள்.

"இனிமே வர்ற வண்டியை நான் வாங்கல" என்றாள் தையல்நாயகி. "மரகதவல்லி பார்த்து வாங்கட்டும்."

"எனக்கெதுக்கும்மா இந்த வம்பு?" என்றாள் மரகதவல்லி. "நாளைக்கு என்னையும் திருடின்னு சொல்றதுக்கா?"

"சொல்லுவாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

கரை முழுவதும் சிரித்தது. மரகதவல்லியும் சிரித்துவிட்டாள்.

"நீ வாங்கு" என்றார் உலகநாதன். "உன் மேல நான் ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."

"உங்க மேல யாரு வெப்பா?"

"நான் வெச்சுக்கறேன்" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

மறுநாள் கல் குத்தகைக்காரரே வண்டியோடு வந்தார். தலைவரைத் தனியாகப் பார்த்துப் பேசவேண்டும் என்றார். தையல்நாயகி, "இங்கேயே பேசுங்க" என்றாள். அவரைச் சுற்றி ஊரே கூடையும் மண்வெட்டியுமாக நின்றது. மரகதவல்லி ஏற்கெனவே சக்கரத்தில் ஏறிவிட்டிருந்தாள். அவருக்குப் பேச வந்தது மறந்துபோயிற்று. அன்றைக்கு வந்த கல் அடிவரைக்கும் கருங்கல்லாக இருந்தது. அதற்கப்புறம் வந்ததும் அப்படியே.

கடைசிக் கூடை மண் விழுந்த அன்று மாலையே முதல் துளி விழுந்தது.

மழை விடவே இல்லை. ஏரி நிரம்பி மதகின் கழுத்து வரை வந்தது. தையல்நாயகி விடிந்தும் விடியாமலும் குடையோடு கரைக்கு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கரையின் வெளிப்பக்கத்தை அடி அடியாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கும் ஈரம் கசியவில்லை. மரகதவல்லி தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பை மூட்டியிருந்தாள். யாரோ பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பிக்க, உலகநாதன் ஏரிக்கே கேட்கும்படி தாளம் தப்பிக் கை தட்டினார்.

மழை ஓய்ந்தபோது கரை நின்றுகொண்டிருந்தது. ஏரி வானத்தைப் போலப் பளபளத்தது.

குரு மடத்துக்குக் கிளம்பினார். வழியனுப்பத் தையல்நாயகி கரையின் மேல் கூடவே நடந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. மனதில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"அன்னிக்குச் சாப்பாடு போடாம இருந்தது தப்பு" என்றாள்.

"பன் நல்லா இருந்துச்சு."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"இப்போவாவது என்னை நம்புவாங்கல்ல?"

"கேட்டுப் பார்ப்போமே" என்றார் குரு.

எதிரே மரகதவல்லி வந்தாள். கையில் ஒரு நீளக் குச்சி. அதைக் கரையில் அங்கங்கே குத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், அவர்கள் கையிலும் குச்சி.

"ஏம்மா" என்று குரு அவளை நிறுத்தினார். "உங்க தலைவரை இப்போ நம்பறியா?"

மரகதவல்லி தையல்நாயகியை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அது எப்படி சாமி திடீர்னு சொல்ல முடியும்? நல்லவங்க மாதிரிதான் தெரியுது. அடுத்து வாய்க்கால் வேலை எடுக்கறாங்களாம். அங்கேயும் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டுக் குச்சியால் கரையைக் குத்திக்கொண்டே போனாள். மற்ற நாலு பேரும் தலைவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அவள் குத்திய இடத்திலேயே இன்னொரு முறை குத்திப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தையல்நாயகி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார்த்தீங்களா? இவ்வளவுக்கு அப்புறமும் நம்பல."

"நல்லவேளை" என்றார் குரு. "நம்பியிருந்தா, மழை பெஞ்ச அன்னிக்கு எல்லாரும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கியிருப்பாங்க."